யார் கையெழுத்து செல்லும்

அக்டோபர் 5, ஞாயிறு

நான் நாச்சிமுத்து. இது என் கையால் எழுதியது.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று அதற்கு மேல் கை ஓடவில்லை. இன்றைக்கு இரண்டாம் பக்கம்.

"தினமும் நடந்தத எழுதுங்க. பெரிய விஷயமா இருக்கணும்னு இல்ல" என்று ரஞ்சிதம் டீச்சர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பொழுதோடு நடக்கும் முதியோர் எழுத்து வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். நான் அதிகம் பேசுகிறேன் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் முன்வரிசை.

மகன் மோகனசுந்தரம் இன்று வடக்கே கிளம்பினான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பாதி வீட்டு ஆண்களுக்கு இதுதான் பிழைப்பு. ஆயுத பூசை முடிந்ததும் போவார்கள், பொங்கலுக்கு வருவார்கள். போகுமுன் வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது வழக்கம். பள்ளிக்கூடம், சொசைட்டி, கரண்ட் ஆபீஸ் என்று எதற்குத் தேவையோ அதற்கு மேலே எழுதிக்கொள்ளலாம்.

மோகனும் போட்டான். கோணல் என்று சிலவற்றைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டான். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. கவனமான பிள்ளை. காஸை மூடியாயிற்றா என்று மூன்று தடவை குனிந்து பார்த்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போனபிறகு போன் செய்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான்.

மருமகள் வளர்மதி தாள்களைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

சோப்பு வாங்கினேன். போன வாரம்தான் வாங்கியது. இந்தக் காலத்துச் சோப்பு நிற்பதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பலகையை நானாகவே படித்தேன். "இங்கு கடலைப் புண்ணாக்கு கிடைக்கும்." நாற்பது வருடம் அந்தக் கடைக்கு மூட்டை இறக்கியிருக்கிறேன். அங்கே என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் எழுத்து வந்து சொல்லும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் பேப்பர் வாங்கிவந்து பேத்தி பிரகதியிடம் நீட்டினேன். அவள் பதினொன்றாம் வகுப்பு.

"கீழ வைங்க அப்பாரு. எத்தன பேரு தொட்டதோ" என்றாள்.

சுத்தக்காரி. விரல் மூட்டெல்லாம் வெடித்துக் கிடந்தது. பனி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அழுதாள். எழுந்துபோய்க் கழுவினாள். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்வரை கழுவினாள்.

வளர்மதி தறிப்பட்டறையிலிருந்து வந்து தொட்டியைப் பார்த்தாள். "இன்னி எப்பத் தண்ணி விடுவானோ தெரியாது. என்ற உசுர வாங்கறயே அம்மணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் போய் அவளும் அழுதாள். நான் படித்துக்கொண்டிருப்பதுபோல் பேப்பரைப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடிக்கவில்லை, அதுவரைக்கும் பரவாயில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று பிரகதி சொன்னதை முழுதாக எழுத வேண்டும். நேரமானாலும் சரி.

நேற்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லையாம். தனியாகப் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே மனசுக்கு டாக்டர் வருவார் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனாளாம். மலை சுற்றும் ரோட்டில் கம்பியைப் பிடிக்காமல்.

"மனசுக்கா? உனக்கென்னடா கண்ணு மனசுல?"

"கை அழுக்கா இல்லைன்னு எனக்கே தெரியும் அப்பாரு. ஆனாக் கழுவலீன்னா அம்மாவுக்கு என்னமோ ஆயிரும்னு ஒரு நெனப்பு வருது. கழுவினாப் போகுது. உடனே திரும்ப வருது. எனக்குத் தூங்கோணும் அப்பாரு."

இந்தப் பெண் தனக்கு என்ன நோவு என்று தானே கண்டுபிடித்து, அதற்கு எந்தக் கிழமை மருந்து என்றும் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். எனக்குப் பல்வலி என்று சொல்லவே ஒரு மாதம் ஆகும்.

டாக்டர் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாராம். இதற்கு வைத்தியம் இருக்கிறது, நிறையப் பேருக்கு வருவதுதான் என்றாராம். ஆனால் வைத்தியம் தொடங்கப் பதினெட்டு வயது ஆக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பெரியவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"பெரியவன் நானில்லையா? எனக்குத்தான் இப்பக் கையெழுத்து வருதே" என்றேன்.

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பிரகதி பலகாரத்தைத் தொடவில்லை. வளர்மதி ஊட்டிவிட்டாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஊட்டுகிறாளே என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பிரகதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் காட்டிய இடத்தில் நா, ச், சி, மு, த், து என்று நிறுத்தி நிறுத்திப் போட்டேன். வகுப்புக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து.

சிஸ்டர் பார்த்தார். "நீங்க தாத்தாவா?"

"அப்பாரு."

"அது செல்லாதுங்க. பெத்தவங்க வரணும்."

எனக்குக் கொஞ்சம் வெசனம்தான். கைநாட்டு வைத்த காலத்தில்கூட என்னை யாரும் செல்லாது என்றதில்லை. பெற்றவன் சத்தீஸ்கரில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் போன் செய்ய வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

மோகனுக்குச் சிக்னல் கிடைத்தது பொழுது சாய்ந்த பிறகுதான். பின்னால் வண்டி இரைச்சல். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மனசு டாக்டரா? ஊருக்குள்ள தெரிஞ்சா என்னன்னு சொல்லுவாங்க? நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் அமையோணுமா வேண்டாமா?"

"கையெல்லாம் ரத்தம்டா மோகா."

"கை கழுவறது ஒரு வியாதியாப்பா? சுத்தமா இருந்தாத் தப்பா? மனசக் கட்டுப்படுத்தோணும். நாங்கெல்லாம் கட்டுப்படுத்திக்கிட்டு இல்ல?"

"நீ எதடா கட்டுப்படுத்தற?"

வண்டி இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "பொங்கலுக்கு வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் எங்கயும் போக வேண்டாம்" என்று வைத்துவிட்டான்.

வளர்மதி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க மாமா சொன்னாரு?" என்றாள். நீயே கேட்டாயே என்று நான் சொல்லவில்லை. "பொங்கலுக்காமா" என்றேன்.

நவம்பர் 1, சனி

பிரகதி மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பாடப் புத்தகத்தைத் தொட முடியவில்லை. வளர்மதி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்ட, இவள் கையைக் கட்டிக்கொண்டு படிக்கிறாள். பக்கத்தைத் திருப்பு என்று கண்ணால் சொல்கிறாள். அப்படியாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறாளே. பரீட்சையில் பேனாவை யார் பிடிப்பார்?

பொங்கல் வரைக்கும் இந்தக் கை தாங்காது.

நவம்பர் 3, திங்கள்

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். வீட்டுக்கு எது தேவையோ அதற்கென்றுதானே மோகன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்? இதைவிட எது தேவை?

வளர்மதியிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

காலையில் உட்கார்ந்தவன் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்தேன். "என் மகள் பிரகதிக்கு மனநல வைத்தியம் செய்ய எனக்கு முழுச் சம்மதம்." அடித்தல் திருத்தல் கிடையாது. மற்றவர் கண்ணில் படுவதற்காக நான் எழுதிய முதல் வாக்கியம் இது. வரி கொஞ்சம் மேலே ஏறிப் போயிருக்கிறது. அடியில் மோகன் கையெழுத்து நேராக நின்றது.

வளர்மதி வந்து படித்தாள். "எழுத்து நல்லா இருக்குங்க மாமா" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று பேரும் போனோம். வளர்மதி தறிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

டாக்டர் தாஹிராவை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். சின்ன வயது, மெல்லிய குரல். முதலில் பிரகதியைத்தான் பார்த்தார். "கம்பியப் பிடிச்சியா இன்னைக்கு?"

"ஒரு ஸ்டாப்புக்கு மட்டும்" என்றாள் பிரகதி.

"அது பெரிய விஷயம்" என்றார் டாக்டர். வெறும் பேச்சாகத் தெரியவில்லை.

நான் தாளை நீட்டினேன். படித்தார். "எழுத்து அழகா இருக்கே, யாரு எழுதினது?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன். "ஆடி மாசந்தான் வகுப்புல சேந்தேன். ஒரு அடித்தல் கூட இல்ல பாருங்க."

வளர்மதி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொல்லிவிட்டேன்.

"கையெழுத்து?"

"அது பையனோடது."

"அவரு இதப் படிச்சாரா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். வளர்மதிதான் பேசினாள். "இல்லீங்க. போறதுக்கு முன்னாடியே வெறுந்தாள்ல போட்டுட்டுப் போயிருவாரு. எங்க பக்கம் அப்படித்தானுங்க."

டாக்டர் கோபிக்கவில்லை. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இத நான் வாங்கக் கூடாதுங்க தாத்தா. என்ன செய்யப் போறோம்னு படிச்சு, புரிஞ்சு போடறதுதான் சம்மதம். நாளைக்கு அவரு வந்து கேட்டா, இந்தப் பொண்ணோட வைத்தியந்தான் பாதியில நிக்கும்."

பிரகதி எழுந்தே விட்டாள். "அப்ப முடியாதுங்களா மேடம்?"

டாக்டர் அவளுக்குப் பதில் சொல்லாமல் வளர்மதி பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"அம்மாங்க."

"பெத்த அம்மா?"

"ஆமாங்க."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"பத்தாவது பாஸுங்க."

"அப்புறம் எதுக்கு இந்தத் தாளு? அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் போட்டாப் போதும். போன வாரம் தாத்தாகிட்ட சிஸ்டர் பெத்தவங்கன்னு சொன்னாங்களே."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெத்தவங்க என்றதும் எனக்கு மோகன் முகம்தான் வந்தது. வளர்மதிக்கும் அப்படியே. பிரகதிக்குமே. எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் அது மோகனுடையது, அவள் அதைப் பத்திரமாக வைத்திருப்பவள். பீரோ சாவியே அவளிடம்தான் இருக்கிறது. அவளுக்கும் ஒரு கை இருப்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன் வைத்தார். வளர்மதி பேனாவை எடுக்கவில்லை. "அவர மீறி எப்படிங்க" என்றாள் மெதுவாக.

"இப்பவே போடணும்னு இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. படிங்க. புரியாதத அடுத்த வாரம் கேளுங்க" என்றார். பிறகு பிரகதியிடம், "உனக்கு ரொம்ப முடியாம, செத்துப்போயிரலாமான்னு எல்லாம் தோணினா செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே வந்துரணும். அதுக்கு யாரு கையெழுத்தும் வேண்டாம்" என்றார்.

"அப்படித் தோணல மேடம். தூங்கோணும்னுதான் தோணுது" என்றாள்.

பஸ்ஸில் வளர்மதி அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 6, வியாழன்

வளர்மதி சாப்பாட்டுத் தூக்கில் அந்தக் காகிதத்தை மடித்துவைத்துத் தறிக்குக் கொண்டுபோகிறாள். இடைவேளையில் படிக்கிறாளாம். பக்கத்துத் தறிக்காரி வந்து என்னிடம் கேட்டாள், "என்னங்க, உங்க மருமகளும் பரீட்சை எழுதறாளா?" என்று.

"ஆமா" என்றேன்.

நவம்பர் 8, சனி

வளர்மதி என்னிடம், "மாமா, நீங்க போடச் சொல்றீங்களா?" என்றாள்.

போடச் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் என் மகனுடைய கையில் நான் வார்த்தையை வைத்தது போதும், இவள் கையிலும் வைக்க வேண்டாம் என்று தோன்றியது. "என்னத்தச் சொல்றது அம்மணி. நீதான் படிச்சிருக்கற" என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வளர்மதி அந்தப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி வைத்திருந்தாள். மாத்திரை போட்டால் மந்தமாகிவிடுவாளா. படிப்பு கெடுமா. எத்தனை நாள். கடைசியாக, அவள் உள்ளே சொல்வதை எங்களிடம் சொல்வீர்களா.

முதல் மூன்றுக்கும் டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். நாலாவதற்கு, "உயிருக்கு ஆபத்துன்னா சொல்வேன். மத்தபடி அவ சொல்றது அவளோடது. உங்களுக்குச் சொல்லணும்னா அவளே சொல்லுவா" என்றார்.

"நான் கையெழுத்துப் போடறேன், எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேம்மா."

வளர்மதி காகிதத்தை நேராக்கி வைத்தாள். "சரி. அப்பத்தான் அவ பேசுவா" என்றாள்.

பேனாவை எடுத்தவள் மறுபடி வைத்தாள். "ஒரு நிமிசம்" என்று வராந்தாவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மோகனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில இருக்கறேன். புள்ளைக்கு வைத்தியம் பண்ண நான் கையெழுத்துப் போடப் போறேன்."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. எனக்கே கேட்டது. அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அவன் முடிக்கும்வரை கேட்டாள்.

"இல்லீங்க. கேக்கறதுக்குக் கூப்புடல. சொல்றதுக்குக் கூப்புட்டேன். உங்களுக்குத் தெரியாமச் செய்யக் கூடாது பாருங்க, அதுக்குத்தான். சாப்புட்டீங்களா?"

வைத்துவிட்டாள். சுவரில் சாய்ந்து கொஞ்சம் நின்றாள். என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க மாமா, உங்க பையன்" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உள்ளே போய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். பிறகு போட்டாள். மோ. வளர்மதி. என் எழுத்தைப் போல ஏறிப் போகவில்லை. கீழே வேறொரு கோடு இருந்தது. டாக்டர் அதைப் பிரகதி பக்கம் நகர்த்தினார். "உன் சம்மதம் சட்டத்துக்குத் தேவை இல்ல. எனக்குத் தேவை" என்றார்.

பிரகதி பேனாவைப் பார்த்தாள். எத்தனை பேர் தொட்ட பேனா. தாவணி நுனியில் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவளும் டாக்டரும் பேசினார்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

மோகன் போன் செய்யவில்லை. வளர்மதி தினமும் காலையில், "புள்ள நல்லா இருக்கறா" என்று மட்டும் அவனுக்குச் செய்தி அனுப்புகிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

டாக்டர் எங்களையும் கூப்பிட்டுச் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதோடு பயிற்சி. கழுவ வேண்டும் என்று வரும்போது கழுவாமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூடுதலாக. எங்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார். தன் கை சுத்தமா என்று அவள் கேட்டால் பதில் சொல்லக் கூடாது.

"சுத்தம்னு சொன்னா என்னங்க தப்பு? சுத்தமாத்தான இருக்குது" என்றேன்.

"நீங்க சொன்னாப் பயம் அடங்கும் தாத்தா. அரைமணி நேரத்துல அதுக்கு மறுபடி பசிக்கும். திரும்ப உங்ககிட்டதான் வரும்" என்றார்.

மூட்டை தூக்குவதுகூட இதைவிடச் சுலபம். பேசுகிறேன் என்று முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவனை வாய்மூடச் சொல்கிறார்.

நவம்பர் 20, வியாழன்

தோற்றுவிட்டேன். அவள் கேட்டாள், நான் "சுத்தம்டா கண்ணு" என்றுவிட்டேன். வளர்மதி முறைத்தாள். பிரகதியே, "அப்பாரு, நீங்க ஃபெயில்" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மோகன் என் போனுக்கு அழைத்தான். வளர்மதிக்கு இல்லை. சத்தம் இல்லாத இடத்தில் நின்று பேசினான் போல.

"கழுவறத எப்படிப்பா நிறுத்தச் சொல்றாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயம் வரும், வரட்டும், ஒன்றும் செய்யாமல் கூடவே உட்கார வேண்டும், அது தானாக இறங்கும் என்று.

"தானா எறங்குமா?"

"எறங்குதுன்னுதான் புள்ள சொல்றா."

"எத்தன நேரத்துல?"

அதை அவளிடமே கேள் என்று பிரகதியிடம் போனைக் கொடுத்தேன். வெகுநேரம் பேசினார்கள். அவள்தான் அதிகம் பேசினாள். "உடனே திரும்பப் போய்ப் பாக்கக் கூடாதுப்பா, பொறுக்கோணும்" என்று சொன்னது கேட்டது. மகள் மேல் அவனுக்கு அக்கறை வந்துவிட்டது. நல்ல மனசுக்காரன்தான், எப்போதும்.

நவம்பர் 29, சனி

பிரகதி புத்தகத்தைத் தானே திருப்பினாள். இரண்டு பக்கம். பிறகு ஓடிப்போய்க் கழுவினாள். இரண்டு பக்கம்.

டிசம்பர் 4, வியாழன்

இந்த வாரப் பயிற்சி கடினம். சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் போல ஒரு தடவை கழுவ வேண்டும். பிறகு கதவுத் தாழ்ப்பாளைத் தொட வேண்டும். தொட்ட கையோடு மறுபடி கழுவாமல் வந்து சாப்பிட வேண்டும். கரண்டி கூடாது, ஊட்டக் கூடாது.

நேற்றும் இன்றும் முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "பரவால்ல" என்றாள் வளர்மதி. குழந்தையைக் கட்டாயப்படுத்தாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 7, ஞாயிறு

மதியம் அரிசிம்பருப்புச் சோறு. பிரகதி தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். வலது கையை மடியிலிருந்து தள்ளி, தன்னுடையது இல்லாததுபோல் வைத்துக்கொண்டாள்.

"அப்பாரு, கழுவிட்டு வரட்டுமா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

வளர்மதியின் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

நாங்களும் சாப்பிடவில்லை. நெய் உறைந்தது. தெருவில் ஐஸ் வண்டி வந்து, நின்று, போயிற்று. பிரகதியின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. நான் இந்த ஊரில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் குதித்துப் பிள்ளையை எடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

பிறகு அவள் கை தட்டுக்கு வந்தது. சோற்றைத் தொட்டது. நின்றது. பிசைந்தாள். ஒரு வாய் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மென்றாள். கண்ணைத் திறந்து முதலில் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள், மூக்கு சிவந்து, ஒன்றும் ஆகாமல்.

"உப்பு கம்மிம்மா" என்றாள் பிரகதி.

வளர்மதி உப்பு எடுக்க எழுந்தாள். மூவரும் ஆறின சோற்றைச் சாப்பிட்டோம். பிரகதி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.